வெவ ஏலத்துக்கு வந்த வெற்றிலை

மகனே,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். உன் புது வேன் தோட்டத்து ரோட்டில் ஏறும்போதே லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடிப்போய்ப் பார்க்கிறார்கள், அதிலேயே தெரிகிறது உன் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன். டெலிபோனில் சொல்லலாம் என்று பார்த்தால், "கடையில சனம் நிக்குது, பொறவு பேசுறேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை ஒட்டாமல் திறந்தே அனுப்புகிறேன். உன் டிரைவர் செல்வம் வழியில் படிப்பான், கொடகவெல கடையில் மீன் வாங்க நிற்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். நீ வெற்றிலையை ஊருக்குள் ஒளிக்காமல்தானே அனுப்பினாய், என் பதிலும் ஒளியாமல் வரட்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செல்வம் பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் வைத்து, மேலே மஞ்சள் துணி போர்த்தி, என் லயத்து வாசலில் வந்து நின்றான். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீயே நினைத்துப் பார். முப்பதை நெருங்குகிற மகன், இத்தனை நாள் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவன், டவுனில் எங்கேயோ பெண் பார்த்து முடித்துவிட்டான், அம்மாவிடம் நேரில் சொல்ல வெட்கப்பட்டு டிரைவரிடம் வெற்றிலை கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு முகம் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் நீட்டி வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "யாரு வீட்டுப் பொண்ணுப்பா?" என்று கேட்டேன். செல்வம் முழித்தான்.

"பொண்ணு இல்லங்க ஆயாம்மா. வெவ ஏலம், மீன் கொளத்துக்கு. இந்த வருசம் யாரும் ஏலத்துக்கு வரவேணாம்னு ஒரு மரியாதைக்கு, கீழ் டிவிசன்ல எல்லா வீட்டுக்கும் அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க. பெரியவங்க உங்களுக்குக் குடுக்காம போனா நல்லாருக்காதேன்னு நானாத்தான் இங்கயும் கொண்டாந்தேன்."

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஊருக்கெல்லாம் வெற்றிலை வைத்துவிட்டு பெற்றவளை விட்டுவிட்டுப் போகலாமா என்று நினைத்திருக்கிறான், நல்ல பிள்ளை. அவன் அந்த மரியாதையைப் பார்க்காமல் போயிருந்தால் நீ செய்கிற காரியம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். ரொட்டி கருகிப்போனதுதான் மிச்சம்.

இந்த வெற்றிலை வைக்கும் யோசனையை உனக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். ஐஸ் முதலாளியின் மகன் சொல்லியிருப்பான். அவன் சொன்னது எதற்கென்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வெற்றிலை நம் வீட்டுக்குள் ஏற்கெனவே ஒருமுறை வந்து போன கதை உனக்குத் தெரியாது. நீ அப்போது வரக்காப்பொலையில் மாமா கடையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது வெவ நம் கைக்கு வந்திருந்தது, குழம்பில் மீன் கிடந்தது. எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று நாங்களும் சொல்லவில்லை. இப்போது கேள்.

நம் தோட்டத்து எல்லை முடிந்து சிங்களக் கிராமம் தொடங்கும் இடத்தில் இருக்கிற குளத்தை நாமும் வெவ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதில் மீன் பிடிக்கும் உரிமையைப் பிரதேச சபை வருசத்துக்கு ஒருமுறை ஏலம் விடும். பேருக்குத்தான் ஏலம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஐஸ் முதலாளிதான் எடுப்பார். நம் வெவ மட்டும் இல்லை, அந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்த வெவ எல்லாமே அவரும் அவருடைய மச்சான்மார் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்ததுதான். ஐஸ் பெட்டி வைத்த லொறி அவர்களிடம் மட்டும்தான் இருந்தது, அதனால் அந்தப் பெயர். விடியற்காலையில் அவருடைய ஆட்கள் வந்து வலை இழுத்துக் கூடை கூடையாக ஜப்பான் மீனை லொறியில் ஏற்றுவார்கள். லொறி நேராக டவுனுக்குப் போய்விடும். வெவக்கரையில் குடியிருந்த நமக்கு டின் மீனும் நெத்தலியும்தான். யாராவது தூண்டில் போட்டால் முதலாளியின் காவல்காரன் தூண்டிலை முறித்துப் போடுவான்.

அதனால்தான் உன் அப்பாவும் நம் லயத்தில் இன்னும் நாலு குடும்பமும் சேர்ந்து, இந்த வருசம் நாமும் கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினார்கள். உன் அப்பா நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனார். சபை மண்டபத்து வாசலில் ஐஸ் முதலாளி நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டு, தட்டை நீட்டி, "ஐயே, புலத் விட்டக் கன்ன" என்றாராம். ஒரு வாய் வெற்றிலை போடுங்கள் அண்ணே என்று அத்தனை பெரிய மனுசன் குனிந்து நீட்டினால் உன் அப்பா என்ன செய்வார்? தோட்டத்தில் அவரை அண்ணே என்று கூப்பிட்ட முதலாளி அதுவரைக்கும் கிடையாது. வாங்கினார். மடித்து வாயில் போட்டார். பெரிய வெற்றிலை, பாக்கும் அள்ளி வைத்திருக்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தார்.

உன் அப்பா சாயங்காலம் திரும்பி வந்து குடையை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னாச்சுங்க?" என்றேன். முதலாளிக்கே போய்விட்டது என்று கையைக் காட்டினார். "நீங்க கேக்கலியா? வாயில என்னா, கொழுக்கட்டையா?" என்றேன். "வெத்தல" என்றார்.

நான் சிரித்தேன், அப்புறம்தான் விசயம் விளங்கியது. சபை செக்ரட்டரி மாத்தயா "ஒரு தரம்" என்று சொன்னபோது உன் அப்பாவின் வாய் நிறைய எச்சில். துப்பிவிட்டு வரலாம் என்று எழுந்தால், மண்டபத்துக்குள் துப்பக் கூடாது என்று போர்டு. வெளியே போய்த் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் மூன்று தரமும் முடிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் பாதிப்பேர் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். வருசா வருசம் அப்படித்தானாம். முதலாளியின் தட்டில் வெற்றிலை எடுத்தால் கேட்க மாட்டேன் என்று அர்த்தம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும், உன் அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

"தெரியாமத்தானே வாங்குனீங்க, துப்பிட்டு வந்து கேட்டிருக்க வேண்டியதுதானே, இன்னும் மூணாந்தரம் சொல்லலன்னு சண்ட போட்டிருக்க வேண்டியதுதானே" என்று நான் குதித்தேன். அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வெளியில நின்னப்பவே ஒருத்தன் சொல்லிட்டான், அந்த வெத்தலைக்கு அர்த்தம் அதுதான்னு. பொறவு எப்பிடிக் கேக்குறது? வெத்தலைய வாங்கித் தின்னுட்டு எதுத்துக் கேட்டா, பேசி முடிச்ச பொண்ண வேற எடத்துல குடுத்த மாதிரி இல்லியா?" என்றார். அதுதான் நம் ஆள். வேறு எந்த வியாபாரியாக இருந்தாலும் துப்பிவிட்டு வந்து ஏலம் கேட்டிருப்பான். நமக்கு வெற்றிலை என்றால் வாக்கு. மாற்றிக்கொண்ட பிறகு மாறக் கூடாது. நம் ஆட்களோடு அத்தனை வருசம் பழகின முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். அடியாள் வைத்து மிரட்டியிருந்தால் நாலு பேர் முறைத்திருப்பார்கள். அவர் நம் மரியாதையை வைத்தே நம்மைக் கட்டிப்போட்டார். எனக்கு ஆத்திரம் வந்ததே அந்த இடத்தில்தான், இன்றைக்கும் வருகிறது.

அடுத்த வருசம் நான் போனேன். நான் ஆயாவாக இருந்த பிள்ளை மடுவத்தில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். வாசலில் முதலாளி தட்டை நீட்டினார். வேண்டாம் என்று சொன்னால் அவமரியாதை, வாங்கினால் கதை முடிந்தது. நான் இரண்டு கையையும் கூப்பி, "இன்னிக்கு வெள்ளிக்கிழம முதலாளி, எனக்கு விரதம். பச்சத் தண்ணி கூட வாயில படக்கூடாது" என்றேன். நான் எந்த வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தவள் இல்லை என்று உனக்கே தெரியும், பத்து மணிக்கு எனக்கு ஒரு ரொட்டி வேண்டும். ஆனால் விரதம் என்று சொல்கிறவளிடம் யார் என்ன பேச முடியும்? அவரும் பன்சலையில் புத்தருக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறவர், சாமி காரியம் என்றால் பயம். தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சொன்ன வாய்க்காக அன்றைக்கு உண்மையிலேயே ஒன்றும் சாப்பிடவில்லை, பொய் சொன்ன பாவம் வேண்டாம் என்று.

உள்ளே போய் நான் விலை கேட்டதும் மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த மண்டபத்தில் இரண்டாவது ஆள் விலை கேட்டதையே அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள், அதுவும் ஒரு தோட்டத்துப் பொம்பளை. முதலாளி ஏற்றினார். நான் ஏற்றினேன். அவர் இன்னும் ஏற்றினார். கடைசியில் அவர் சொன்ன விலைக்கு, தண்ணீரை எல்லாம் எடுத்துவிட்டு வெவ முழுக்க மீனை நிரப்பினாலும் கட்டாது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஏலம் முடிந்து வெளியே வந்ததும் அவர் கிட்ட வந்து, நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, நான் வருசா வருசம் இப்பிடித்தான் கேப்பேன். நீங்க வீணா பஸ்ஸுக்குச் செலவழிக்க வேணாம்."

"வருசா வருசம் நானும் வருவேன் முதலாளி" என்றேன் நான். "எனக்கு பஸ் செலவுதான். ஒங்களுக்குத்தான் பெரிய செலவு."

அவர் சிரித்துக்கொண்டேதான் போனார். ஆனால் மகனே, அந்த ஆட்டத்தை நான் பஸ்ஸில் வரும்போதே விளங்கிக்கொண்டேன். அந்த விலை வெவக்குக் கொடுத்த விலை இல்லை, என்னைப் பயமுறுத்துவதற்குக் கொடுத்த விலை. இனி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு வருசம் நட்டப்பட்டுக் காட்டுகிறார். ஒரே வெவ என்றால் அவர் காட்டிக்கொண்டே இருக்கலாம். அவரிடம் இருந்ததோ ஊரில் உள்ள அத்தனை வெவயும். ஒவ்வொன்றிலும் ஒரு பைத்தியக்காரி எழுந்து நின்றால் எத்தனை இடத்தில் நட்டப்படுவார்? பயப்படாமல் திரும்பி வருகிற ஆளுக்கு முன்னால் அந்த வித்தை செல்லாது. அவருடைய மச்சான்மார் அந்த வருசக் கணக்கைப் பார்த்துவிட்டு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதனால் மூன்றாவது வருசம் அவர் வேறு வழி எடுத்தார். அறிவித்தல் போர்டில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. சொந்தப் படகு உள்ளவர்கள் மட்டுமே ஏலத்தில் கலந்துகொள்ளலாமாம். சிங்களத்தில் மட்டும்தான் எழுதியிருந்தது, நம் ஆட்கள் வாசிக்க மாட்டார்கள் என்ற நினைப்பு. மடுவத்துக்கு வரும் மிட்வைஃப் நோனாவிடம் நான் சிங்களம் வாசிக்கக் கற்றுக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது. நம்மிடம் ஏது படகு? லொறி டியூபில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஆட்கள் நாம். உன் அப்பா அன்றைக்கே கிராமத்துத் தச்சு பாஸிடம் போனார். அந்த மனுசன் பழைய பலகைகளைச் சேர்த்து, தார் பூசி, ஒரு படகு செய்து கொடுத்தார். பார்க்கப் பன்றித் தொட்டி மாதிரி இருந்தது. ஆனால் மிதந்தது.

படகு இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், சாட்சி கேட்பார்கள், கடிதம் கேட்பார்கள். அதனால் படகையே தூக்கிக்கொண்டு போனோம். உன் அப்பா முன்னால், நம் லயத்து ஆட்கள் இரண்டு பக்கமும், நான் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னால். ஏலத்தன்றைக்குக் கடைத்தெரு முழுக்க நின்று பார்த்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சந்தியில் செக்பொயிண்டில் நிறுத்தி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு பொலிஸ்காரப் பையன், "என்ன இது, கொட்டி படகா?" என்று சிங்களத்தில் கேட்டான். புலிப் படகா என்று கேட்கிறான். மற்றவர்கள் படகை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள். எனக்கும் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் சொன்னேன், "மாத்தயா, மெஹே முஹுதக் கொஹெத?" என்று. இங்கே கடல் எங்கே இருக்கிறது ஐயா என்று கேட்டதும் அவனுக்கு மேலே இருந்த பெரிய பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். போக விட்டார்கள். அன்றைக்கு அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சிலநேரம் நினைத்துக்கொள்வேன்.

படகைச் சபை வாசற்படியில் இறக்கி வைத்தோம். செக்ரட்டரி மாத்தயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். முதலாளி அன்றைக்குத் தட்டை நீட்டவே இல்லை. நான் விலை கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், பெரிய மச்சான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். மூன்றாம் தரமும் சொல்லி முடித்தார்கள். உன் அப்பா பெயரில் எழுதச் சொன்னேன். கேட்டவர் பெயரில்தான் எழுதுவோம் என்று செக்ரட்டரி என் பெயரை எழுதிவிட்டார். அதை நினைவில் வைத்துக்கொள், கடைசியில் வருவேன் அதற்கு.

வெவ கிடைத்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்தோம். முதல் நாள் மீனைக் கரையேற்றிவிட்டு ஐஸுக்கு ஆள் அனுப்பினால் ஐஸ் இல்லை என்றார்கள். கடைத்தெருவில் ஒரு மீன்காரனும் நம் மீனைத் தொடவில்லை, தொட்டால் அவனுக்கும் லொறி வராது. வெயில் ஏறுகிறது, மீன் கண் மங்குகிறது, உன் அப்பா கரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஐஸ் எதற்கு? டவுனுக்குப் போக ஐஸ் வேண்டும், லயத்துக்குப் போக எதற்கு? கூடையைத் தூக்கு என்றேன். மலையிலிருந்து கொழுந்து நிறுக்க இறங்கி வருகிற பொம்பளைகள் முன்னால் கொண்டுபோய் இறக்கினோம். துடிக்கிற மீனை அவர்கள் அந்த விலைக்குப் பார்த்ததே இல்லை. டிவிசன் டிவிசனாகப் போனோம். அத்தனை வருசம் அந்த லொறி நம்மைத் தாண்டிப் போனதே தவிர நம் வாசலில் நின்றதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள்தான் நமக்குக் கை கொடுத்தன. உன் வியாபாரம் இன்றைக்கும் அந்த வாசல்களில்தான் நிற்கிறது, மறந்துவிடாதே.

அந்த வருசக் கடைசியில் முதலாளி வீட்டுக்கே வந்தார். உன் அப்பாவின் பாயில் உட்கார்ந்து என் பிளேன்டீயைக் குடித்தார். "இந்த வெவ ஒங்களுக்கே இருக்கட்டும் அக்கா, நான் கேக்க மாட்டேன். நீங்க மத்த வெவக்கு வராதீங்க. ஒங்க ஆளுங்க யாரும் வராம பாத்துக்கங்க" என்று சொல்லி வெற்றிலையை எடுத்தார். தோற்கடிக்க முடியாதவளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். அன்றைக்கு என்ன கிழமையோ, நான் விரதம் என்றேன். உன் அப்பா, என்றைக்கும் வெற்றிலையை வேண்டாம் என்று சொல்லாத மனுசன், "எனக்கும் விரதந்தாங்க முதலாளி" என்றார். அவரை நான் கட்டிக்கொண்டதற்காக உண்மையிலேயே பெருமைப்பட்ட நாள் அது.

இப்போது உன்னிடம் வருகிறேன். நீ படித்துவிட்டு வந்து வெவயை எடுத்து நடத்தினாய். குஞ்சு மீன் வாங்கி விட்டாய், ஐஸ் பெட்டி வைத்தாய், கடை போட்டாய், நம் லயத்து ஆட்களுக்குக் கூலியை ஒழுங்காகக் கொடுத்தாய். என் மகன் என்று நான் சொல்லிக்கொள்ளாத வீடு இந்தத் தோட்டத்தில் இல்லை. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று உனக்கு? முதலாளியின் மகனோடு உட்கார்ந்து, இந்த வெவ உனக்கு, அந்த வெவ அவனுக்கு என்று பிரித்துக்கொண்டீர்களாமே. உன் அப்பா விரதம் என்று சொல்லி வாங்காமல் விட்ட வெற்றிலையை நீ சம்மணம் போட்டு உட்கார்ந்து மென்றிருக்கிறாய். இந்த வருசப் போர்டையும் போய் வாசித்துவிட்டு வந்தேன். குத்தகைக்கு வெவ நடத்திய முன் அனுபவம் இருக்க வேண்டுமாம். படகு கேட்டவர் பரவாயில்லை, படகைச் செய்யலாம். அனுபவத்தை எந்த பாஸ் செய்து கொடுப்பான்?

நீ யாரைத் தடுக்கப் பார்க்கிறாய் என்று தெரியுமா? கீழ் டிவிசன் தவமணியை. நான் மடுவத்தில் தொட்டிலாட்டி வளர்த்த பிள்ளை, புருசன் கொழும்புக்குப் போய் ஆளைக் காணவில்லை. அவளும் இன்னும் மூன்று பொம்பளைகளும் சேர்ந்து வலை பின்னி வைத்துக்கொண்டு இந்த ஏலத்துக்காகக் காத்திருக்கிறார்கள். போன மாதம் என்னிடம் வந்து, "எப்பிடிக் கேக்குறதுன்னு சொல்லித் தாங்க ஆயாம்மா" என்றாள். உன் மனம் புண்படுமோ என்று யோசித்து, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை செல்வம் போனதும் ரொட்டிச் சட்டியைக் கூட இறக்காமல், முட்டி வலியோடு கீழ் டிவிசனுக்கு ஓடினேன். "யாரும் வெத்தல போடாதீங்க! வாயில வைக்காதீங்க!" என்று லயம் லயமாகக் கத்தினேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

நல்லவேளை, தவமணி வெற்றிலையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். "வாங்காம விட்டா அண்ணனுக்கு மரியாத இல்லன்னு வாங்கிட்டோம் ஆயாம்மா. வாங்குனதுக்கப்புறந்தான் செல்வம் விசயத்தச் சொன்னான். இனி எப்பிடிப் போறது?" என்று அழுதாள். உன் அப்பா குடையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாரே, அதே முகம். அன்றைக்கு எனக்கு முதலாளி மேல் வந்த ஆத்திரம் செவ்வாய்க்கிழமை என் பிள்ளை மேல் வந்தது. முதலாளி நம்மைப் படித்து வைத்திருந்தார். நீயோ நம்மில் ஒருவன். அந்த வெற்றிலை நம் ஆட்களை எங்கே பிடிக்கும் என்று உனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நான் அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். பெண் வீட்டில் வாங்கின வெற்றிலையை மெல்லாமல் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். அதில் யாருக்கும் வாக்குத் தவறின குற்றம் இல்லை, அதுவும் நம் வழக்கம்தான். ஆகவே கீழ் டிவிசனில் நீ கொடுத்த வெற்றிலை எல்லாவற்றையும் சேர்த்து, எனக்கு வந்ததையும் வைத்து, வாழையிலையில் கட்டி, உன் மஞ்சள் துணியையும் மேலே போர்த்தி இந்தக் கடிதத்தோடு செல்வத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். வாடியிருக்கும், எண்ணிப் பார்த்துக்கொள். கொஞ்சம் குறையும். தவமணியின் மாமனார் நான் போவதற்குள் ஒரு வாய் போட்டுவிட்டார். அவர் ஏலத்துக்கு வர மாட்டார், வாக்கு மாறாத மனுசன்.

உன் அனுபவக் கணக்குக்கு வருகிறேன். அந்த வெவயைக் குத்தகைக்கு நடத்திய அனுபவம் இந்தத் தோட்டத்தில் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. ஒன்று நீ. மற்றது யார் என்று சபையின் முதல் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. தவமணியின் விண்ணப்பத்தில் என் பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். செக்ரட்டரி மாத்தயா மாறிவிட்டார், புதியவர் பழைய பைலைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்பாவின் படகை உன் கடை வாசலில் நிறுத்தி விளம்பரத்துக்கு வைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா? அதைத் தேடாதே. தார் பூசி அவர்களிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் மிதக்கிறது.

நீ வா. வராமல் இருக்காதே. நேராக விலை கேள். உன்னிடம் வேன் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, நாலு காசு கூடக் கொடுக்க உன்னால் முடியும். நியாயமாகக் கேட்டு நீ எடுத்தால் மண்டபத்தில் முதலில் கை தட்டுவது நானாக இருப்பேன், அடுத்த நாள் உன் மீனை வாங்கிக் குழம்பு வைப்பேன். ஆனால் பயமுறுத்துவதற்காக விலையை ஏற்றாதே. அந்த ஆட்டத்தில் எத்தனை வருசம் பிடிவாதமாகத் திரும்பி வருவேன் என்று உனக்கு முன்னால் ஒரு முதலாளி பார்த்துவிட்டார். தோற்றுவிட்டாய் என்றால் வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். என் மேல் கோபம் இருந்தாலும் வா. உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

மண்டபத்து வாசலில் நீ தட்டோடு நிற்பாயோ, சும்மா நிற்பாயோ எனக்குத் தெரியாது. பெற்ற தாய்க்கு மகன் நீட்டினால் வாங்காமல் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கை மாற்றிக்கொள். ஏலம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு எனக்கு விரதம்.

உன் அம்மா